ஏழாவது கையெழுத்து

அன்று நான் உன் கோச்சிடம் சொல்லாமல் விட்டது ஒரேயொரு வசனம்: "என் மகனும் அதில் கையெழுத்து வைத்தவன்." ஆங்கிலத்தில் அதற்கு ஐந்து சொல் போதும். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன். இரண்டு வருடமாக அதை அப்பாவுக்கும் சொல்லவில்லை, உனக்கும் சொல்லவில்லை. திங்கட்கிழமை நீ ஐந்து மணி நேரம் கிழக்கே கார் ஓட்டிப் போய் அதே மனிதரிடம் உதவிக் கோச்சாகச் சேரப் போகிறாய். அதற்கு முன் இது உனக்குத் தெரிய வேண்டும். நேரில் சொல்லத்தான் பார்த்தேன். வியாழக்கிழமை உன் அறையில் உடுப்பு மடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றேன். "என்னம்மா, மடிச்ச சேட்டையே திருப்பித் திருப்பி மடிக்கிறீங்கள்?" என்று சிரித்தாய். "ஒண்டுமில்லை தம்பி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஆகவே எழுதுகிறேன்.

உன்னைப் பெறும்போது எனக்கு இருபது வயது. நீ வளர்ந்த அதே வருடங்களில்தான் நானும் வளர்ந்தேன், அதனால் என் பிழைகள் பல உன் கண்முன்னாலேயே நடந்தன. அவற்றில் ஒன்று உன் உடம்பு பற்றியது. பதினான்கு வயதில் நீ அப்பாவைவிட ஒரு தலை உயரம், இரண்டு மடங்கு அகலம். ஒரு கலியாண வீட்டில் சாப்பாட்டுக்கு இருந்தபோது யாரோ ஒரு மாமா, "தம்பி, நீர் ஒராளே ஒரு பந்தி போலை இருக்கிறீர். மற்றவையை எழும்பச் சொல்லட்டே?" என்றார். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். நீ இலையை மூடிவிட்டு எழும்பினாய். நான் சிரிக்காமல் இருந்திருந்தால் நீ அவ்வளவு நொந்திருக்கமாட்டாய் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். மன்னிப்புக் கேட்க வெட்கப்பட்டு, அடுத்த நாள் உனக்குப் பிடித்த புட்டு அவித்துத் தந்தேன். அதையும் நீ பாதிதான் சாப்பிட்டாய்.

அந்த உடம்புக்கு ஒரு வேலை இருக்கிறது என்று முதலில் சொன்னவர் கோச். உன்னைப் பல்கலைக்கழக அணிக்குக் கேட்டு நம் பியர்பொன்ட்ஸ் வீட்டுக்கு வந்தாரே, நினைவிருக்கும். வாசலில் செருப்புகள் கிடந்த ஒழுங்கைப் பார்த்து, யாரும் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றினார். இடியப்பத்தைச் சொதியில் குழைத்துக் கையாலேயே சாப்பிட்டார், பதினான்கு. அப்பா என் காதுக்குள், "இந்தாள் கோச் வேலைக்கு வந்தவரோ, விரதம் முறிக்க வந்தவரோ?" என்று கேட்டார். ஃபுட்போல் என்றால் உதைபந்து என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, நான்கு தேக்கரண்டிகளையும் ஒரு உப்புக் குப்பியையும் மேசையில் வைத்து உன் வேலை என்ன என்று விளக்கினார். பந்தை நீ தொடவே மாட்டாய். பந்து வைத்திருப்பவனை மற்றவர்கள் விழுத்தாமல் முன்வரிசையில் குனிந்து நின்று தடுப்பாய். "உங்கள் மகனின் இலக்கத்தை ஒலிபெருக்கியில் சொன்னால் அவன் பிழை விட்டிருக்கிறான் என்று அர்த்தம் மேடம். ஒன்றும் சொல்லாவிட்டால் நன்றாக விளையாடுகிறான்" என்றார். எனக்கு அது பிடித்தது. நானும் பெயர் சொல்லி அழைக்கப்படாமல் இருப்பதையே விரும்புகிறவள். போகும்போது, "இவன் பட்டம் எடுக்காமல் போனால் தோற்றது நான்தான்" என்று அப்பாவின் கையைப் பிடித்துச் சொன்னார். இப்படி எல்லாரிடமும் சொல்வார்கள் என்று நினைத்தேன்.

எல்லாரிடமும் சொன்னாரோ தெரியாது, உன் விடயத்தில் அப்படியே செய்தார். மூன்றாம் வருடம் ஒரு பின்னேரம் நான் கர்க்லாண்டில் வேலையில் இருந்தபோது தொலைபேசியில் வந்தார். நீ புள்ளிவிபரவியல் வகுப்புக்கு ஐந்து கிழமையாகப் போகவில்லை, இன்னும் இரண்டு பேரும் அப்படித்தான், வருகிற சனிக்கிழமை ஆட்டத்தில் மூவரையும் வெளியே இருத்தப் போகிறேன் என்றார். பருவத்தின் முக்கியமான ஆட்டம் அது. "தோற்றால்?" என்று கேட்டேன். "தோற்போம்" என்றார். தோற்றீர்கள். நீ எங்களோடு காரில் வந்து ஏறி, கதவைச் சாத்திய சாத்தில் கண்ணாடி அதிர்ந்தது. "எல்லாற்றை முன்னாலையும் என்னை மேசை மாதிரி ஒரு பக்கத்திலை வைச்சிட்டார்" என்றாய். "வகுப்புக்குப் போகாத மேசை" என்று அப்பா சொன்னார். நீ சிரிக்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை வகுப்புக்குப் போனாய், அந்தப் பாடத்தில் சித்தியும் அடைந்தாய்.

அந்தத் தோல்விதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். அணிக்குக் காசு கொடுப்பவர்களின் குழுத் தலைவரை நம் வீட்டில் கட்டடக்காரர் என்றுதான் சொல்வோம், அவர் கொண்டோ மாடிவீடுகள் கட்டுகிறவர் என்பதால். அவரை நான் வெறுக்கவில்லை. பெற்றோருக்கான விருந்தில் என்னோடு பத்து நிமிடம் நின்று, தன் தாய் அலுவலகங்கள் துப்புரவு செய்து தன்னை வளர்த்ததைச் சொன்னவர். தானும் அதே அணியில் விளையாடியவர். உங்கள் தலைக்கவசங்கள், உங்களுக்குப் பாடம் சொல்லித்தந்த ஆசிரியர்கள், ஏப்ரலில் பனி கரையுமுன் தெற்கே பயிற்சிக்குப் போன பயணம் எல்லாம் அவரும் அவரது நண்பர்களும் கொடுத்ததுதான். அணியில் அவருக்கு உண்மையான அன்பு இருந்தது. அந்த அன்பு வெற்றிக்காகக் காத்திருக்கப் பழகவில்லை. நல்ல ஆட்களை வெளியே இருத்திவைத்துத் தோற்கிற கோச் தங்களுக்கு வேண்டாம் என்று அவர் சொல்கிறார் என நீ வந்து சொன்னபோது, காசு கொடுப்பவர் எப்படிக் கோச்சை மாற்றலாம் என்று நான் கேட்டேன்.

அப்பாதான் விளக்கினார். "இதிலை விளங்காமல் என்ன இருக்கு? கோச் ஐயர். இவர் திருவிழாச் செலவு குடுக்கிற உபயகாரர். பத்தாம் திருவிழா உபயகாரர், 'ஐயர் பூசையை நீட்டுறார், சனம் பசியிலை நிக்குது' எண்டு சொன்னா, அடுத்த வருசம் ஐயர் நிப்பாரே?"

"அப்ப சாமி ஒண்டும் சொல்லாதோ?" என்றேன்.

"சாமி வாய் திறக்காது. உம்மை மாதிரி."

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் சிரிக்காததன் காரணம் உனக்குத் தெரியாது. அப்பா சொன்னது கற்பனை இல்லை. நீ சின்னவனாக இருந்தபோது நாங்கள் போய்வந்த கோயிலில் ஓர் ஐயரை அப்படித்தான் அனுப்பினார்கள். கூட்டத்தில் கை உயர்த்தியவர்களில் அப்பாவும் ஒருவர். நான் பின்வரிசையில் இருந்தேன். அந்த ஐயர் உன் விரலைப் பிடித்து அரிசியில் முதல் எழுத்து எழுதுவித்து ஏடு தொடக்கியவர். அவருடைய மகள் பள்ளி வருடத்தின் நடுவில் வேறு நகரத்துக்குப் போக வேண்டி வந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவோடு இரண்டு நாள் கதைக்காமல் இருந்தேன். நான் கூட்டத்திலும் கதைக்கவில்லை என்பதை அவர் சொல்லிக்காட்டவில்லை. அவருடைய பெருந்தன்மை அது.

கட்டடக்காரர் உங்களில் ஏழு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டார். ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். அதில் கோச்சைப் பற்றி ஒரு கெட்ட சொல்லும் இல்லை. அணிக்குப் புதிய பாதை வேண்டும் என்று மூத்த வீரர்கள் மரியாதையோடு கேட்டுக்கொள்கிறார்கள் என்றுதான் இருந்தது. அடுத்த இரண்டு வருடப் புலமைப்பரிசில்களைப் பற்றியும் அதே மேசையில் பேச்சு வந்தது. கையெழுத்துக்கும் அதற்கும் தொடர்பு என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த நாள் என்னை வேலையிலிருந்து ஏற்ற வந்தாய். காரை எடுக்காமல் கைகள் இரண்டையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு கேட்டாய்: "ஆறு பேர் வைச்சிட்டினம் அம்மா. நான்தான் ஏழாவது. நாளைக்கு முதல் சொல்லோணும். நான் என்ன செய்யட்டும்?"

எனக்குப் பதில் தெரியும். உன்னை வகுப்புக்கு அனுப்பியதற்காக ஒரு மனிதர் வேலையை இழக்கப் போகிறார், அந்தக் கடதாசியில் உன் பெயர் இருக்கக் கூடாது. அது என் நாக்கின் நுனியில் இருந்தது. ஆனால் அப்பா இதய சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பாமல் வீட்டில் இருந்த இலையுதிர்காலம் அது. புலமைப்பரிசில் நின்றால் நீ படிப்பை இடையில் விடுவாய் என்று பயந்தேன். நீ கோச்சில் கோபமாக இருந்ததும் எனக்கு வசதியாகப் போயிற்று. "உன்ரை விருப்பம் தம்பி. உனக்குச் சரியெண்டு பட்டதைச் செய்" என்றேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். இன்னும் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாய். நான் சீற் பெல்ற்றைப் போட்டேன். அடுத்த நாள் மத்தியானம் "வைச்சிட்டன்" என்று செய்தி அனுப்பினாய். பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினேன். உன் வாழ்க்கையில் எத்தனையோ நேரம் தேவையில்லாமல் புத்தி சொன்ன நான், நீ கேட்ட ஒரே நாளில் உனக்குச் சுதந்திரம் தந்தேன்.

மூன்று கிழமை ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கடிதம் எங்கேயோ ஒரு மேசை லாச்சிக்குள் செத்துப்போயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை பல்கலைக்கழகத்திலிருந்து பெற்றோருக்கு மின்னஞ்சல் வந்தது, இங்குள்ள வழக்கப்படி பிரெஞ்சில். இத்தனை வருடச் சேவைக்குப் பிறகு தலைமைக் கோச்சைப் பல்கலைக்கழகம் ரெமெர்சியே செய்திருக்கிறது என்று முதல் வரி. அகராதி பார்க்கவில்லை. இந்த நாட்டில் நான் படித்த முதல் சொல் மெர்சி. அதிலிருந்து வந்த ரெமெர்சியே, நன்றி கூறுதல், பின்னேர வகுப்பில் இரண்டாம் கிழமைப் பாடம். அவருக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள்! பாராட்டு விழா வைத்து அவரையே வைத்திருக்கப் போகிறார்கள். அப்படியானால் உன் கையெழுத்தால் ஒரு கெடுதலும் நடக்கவில்லை, என் மௌனத்தாலும் நடக்கவில்லை. மிச்ச வரிகளை ஓட்டமாகப் படித்தேன். அந்தச் சொல்லின் மற்ற அர்த்தம் எனக்குத் தெரியாது என்பது உண்மை. அன்றைக்கு நான் அதைத் தெரிந்துகொள்ள விரும்பியிருக்கவும் மாட்டேன்.

உன்னிடம்கூடக் கேட்கவில்லை, நீ அப்போது நண்பர்களோடு தனி வீட்டில் இருந்தாய். அரைநாள் லீவு எடுத்து, பஸ்சும் மெட்ரோவுமாக நம் ஆட்களின் கடைகள் இருக்கிற பார்க் எக்ஸ்டென்ஷனுக்குப் போனேன். ஒருவருக்கு நன்றி சொல்வதென்றால் நம் ஆட்கள் என்ன செய்வோம்? பொன்னாடை போர்த்துவோம். கடைக்காரத் தம்பி, "ஆருக்கு அக்கா, அரங்கேற்றமோ?" என்று கேட்டான். "இல்லை, ஒரு வெள்ளைக்காரருக்கு" என்றேன். "அப்ப பெரிசா எடுங்கோ. அவையின்ரை தோளுக்கு இது சால்வை இல்லை, மூக்குத் துடைக்கிற லேஞ்சி" என்றான். சரிகைக் கரை அகலமாக இருந்ததை வாங்கி, பயத்தம் உருண்டைப் பெட்டி ஒன்றையும் எடுத்துக்கொண்டு உன் பல்கலைக்கழக விளையாட்டுக் கட்டடத்துக்குப் போனேன்.

கோச்சின் அறையில் சுவர்கள் வெறுமையாக இருந்தன. தரையில் அட்டைப் பெட்டிகள். வேறு பெரிய அறைக்கு மாறுகிறார் என்று நினைத்தேன். ஒத்திகை பார்த்து வந்த பிரெஞ்சு வசனத்தைச் சொல்லி, வாழ்த்துகள் என்று முடித்தேன். அவர் என் கையிலிருந்த சரிகையைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார். "மேடம், எதற்கு வாழ்த்து?" என்றார். போனைத் திறந்து மின்னஞ்சலைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் படித்தார். பிறகு சிரிக்கத் தொடங்கி, இருமல் வந்து, கண்ணைத் துடைத்தார்.

"மேடம், இங்கே ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தினாலும் ரெமெர்சியே என்றுதான் எழுதுவார்கள். மரியாதைக்கு."

என் முகம் கொதித்தது. பொன்னாடையைப் பைக்குள் திணிக்கப் பார்த்தேன். "இல்லை இல்லை, கொண்டுவந்ததைப் போடுங்கள்" என்றார். எனக்கு அவருடைய தோள் எட்டவில்லை. ஒரு பெட்டியின்மேல் அமர்ந்து தலையைக் குனித்தார். போர்த்திவிட்டேன். பெட்டி அமுங்கியது.

பிறகு அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "வீரர்கள் ஏழு பேர் ஒரு கடிதத்தில் கையெழுத்து வைத்தார்கள். எனக்குப் பெயர்களைக் காட்ட வந்தார்கள், வேண்டாம் என்றேன். யார் யார் என்று தெரியாமலே ஒவ்வொருவராக யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் மகனையும்தான். அவனை வெளியே இருத்தியவன் நானல்லவா? இன்றைக்கு அந்தச் சந்தேகம் தீர்ந்தது. கையெழுத்து வைத்த பிள்ளையின் தாய் இதைக் கொண்டு இவ்வளவு தூரம் வருவாரா?"

அந்த இடத்தில்தான் அந்த ஐந்து சொல். அவருடைய முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதைக் கெடுக்க மனம் வரவில்லை என்று பிறகு பல தடவை எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அவர் என்னை நல்ல தாய் என்று பார்த்த பார்வையை இழக்க விரும்பவில்லை என்பதில் கூடுதல் உண்மை இருக்கிறது. உருண்டைப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

புதிய கோச் வந்தார், கட்டடக்காரர் தேடிப்பிடித்தவர். கெட்டிக்காரர், கெட்டவரும் இல்லை. இரண்டு வருடம் அவரிடம் விளையாடி, நிறைய வென்று, பட்டமும் எடுத்தாய். அந்தப் பட்டத்துக்குக் கட்டடக்காரரின் காசும் உதவியது என்பதை நான் மறக்கவில்லை, நீயும் மறக்காதே. பழைய கோச் தூரத்து ஊர் ஒன்றில் சிறு கல்லூரி அணிக்குப் போனார். நீ அவருக்கு ஒரு தடவையும் தொலைபேசி எடுக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. இந்த வசந்தத்தில் அவரே உன்னை அழைத்து முன்வரிசைக்குப் பயிற்சி கொடுக்க வரச் சொன்னபோது, குசினிக்குள் ஓடி வந்து என்னைத் தூக்கினாய், இந்த வயதிலும். "அவருக்கு எல்லாம் தெரியும் அம்மா. அந்தக் கடிதத்தைக் காட்டியிருப்பினம்தானே? ஒண்டுமே கேக்கேல்லை. தனக்கு விசுவாசமான ஒராள் வேணுமெண்டு சொன்னவர். மன்னிச்சிட்டார்." இரண்டு வருடத்தில் உன்னை அப்படி நான் பார்த்ததில்லை. என் தோளில் முகத்தை வைத்து அழுதாய். நான் உன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

அவர் மன்னிக்கவில்லை, ராசா. மன்னிக்க ஒன்று இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. நீ கையெழுத்து வைக்கவில்லை என்று நம்புகிறார். அந்த நம்பிக்கையை அவருக்குக் கொடுத்தவள் நான், பிரெஞ்சில் ஒரு சொல்லைப் பிழையாகப் படித்து, தமிழில் ஒரு மரியாதையைச் செய்து.

இதைச் சொல்லாமல் உன்னை அனுப்பியிருக்கலாம். நீ நல்ல உதவிக் கோச்சாக இருந்திருப்பாய், அவரும் சந்தோஷமாக இருந்திருப்பார். ஆனால் அந்த ஏழு பேரில் இன்னொருவன் ஒரு நாள் எங்காவது அவரைச் சந்திப்பான். அதுவும் நடக்காது என்றே வைத்துக்கொள், நீ மன்னிக்கப்பட்டவன் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு காலையும் அவரருகே நிற்பாய், அது பொய் என்பது எனக்கு மட்டும் தெரியும். உன்னை அப்படி நிற்க வைக்க எனக்கு உரிமை இல்லை. போய், அங்கே ஒப்பந்தத்தில் பேனை வைக்கமுன் அவரிடம் சொல். கட்டடக்காரரைக் குற்றம் சொல்லாதே, அப்பாவின் இதய வருத்தத்தைச் சொல்லாதே, வெளியே இருத்தியதையும் சொல்லாதே. வைத்தேன் என்று மட்டும் சொல். என்னைப் பற்றிக் கேட்டால் என்னைக் காப்பாற்றாதே.

என்றாவது உன்னிடமும் ஒரு பிள்ளை காருக்குள் இருந்து, நான் என்ன செய்யட்டும் என்று கேட்கும். இனி நீ கோச், நிறையப் பிள்ளைகள் கேட்பார்கள். "உன் விருப்பம்" என்று வாயில் வந்தால், அந்த நேரம் நீ எதற்குப் பயப்படுகிறாய் என்று முதலில் பார். நான் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியது, "வைக்காதை. காசை நாங்கள் பார்ப்பம்" என்பதுதான். நீ அதைக் கேளாமலும் விட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கடதாசியோடு தனியே இருந்திருக்கமாட்டாய்.

இதற்குக் கீழே உள்ளதைப் பிறகு, மற்றவர்களும் படிப்பதற்காக, உன் சம்மதத்தோடு சேர்த்தேன். ஞாயிறு பின்னேரம் இந்தக் கடிதத்தை உன்னிடம் தந்தேன். வாசலில் நின்ற காருக்குள் இருந்து படித்தாய். திங்கள் காலை சொல்லாமல் போனாய், செவ்வாய் பின்னேரம் திரும்பி வந்தாய். அவரிடம் சொல்லியிருந்தாய். அவர், "அன்றைக்கு என்னிடம் வந்தபோது உன் அம்மாவுக்கு இது தெரியுமா?" என்று மட்டும் கேட்டாராம். தெரியும் என்று சொன்னாய். அந்தக் கிழமையே வேலையை வேறொருவருக்குக் கொடுத்தார். நான் அவருக்கு எழுதியதற்கு இதுவரை பதில் வரவில்லை. நீ இப்போது பகலில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறாய். வாரத்தில் மூன்று பின்னேரம் பியர்பொன்ட்ஸில் ஒரு பள்ளி அணியின் முன்வரிசைக்குச் சம்பளம் இல்லாமல் பயிற்சி கொடுக்கிறாய்.